அறுபத்தஞ்சுலதான் வந்தேன்

மார்ச் 3

கணக்கு டீச்சரம்மாவுக்கு,

இல்ல, இல்ல, இல்லவே இல்ல. அறுபத்தஞ்சுலதான் வந்தேன். நீ எத்தனை தடவை ஆள் விட்டுக் கேட்டாலும் அதே அறுபத்தஞ்சுதான். "மாமா கொஞ்சம் காலை அழுத்திட்டாரோ"ன்னு உன் புருஷன்கிட்ட கேட்டியாமே. அவன் என் கட்டில் பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு, பாத்ரூம் போகணுமான்னு கேக்குற அதே குரல்ல அதையும் கேக்குறான். நான் என்னத்தச் சொல்லுவேன்? தாடையைத்தான் கம்பி போட்டுக் கட்டி வெச்சிருக்காங்களே. முறைச்சேன். அவன் பாத்ரூமுக்குத்தான்னு நினைச்சு சக்கர நாற்காலியைக் கொண்டாந்துட்டான்.

அதனாலதான் எழுதுறேன். நான் வாயை மூடினதுல இந்த வீட்டுல எல்லாருக்கும் ஒரு நிம்மதி. டாக்டர்கூட இன்னும் ஒரு வாரம் சேத்தே கட்டியிருக்கலாமோன்னு பாக்குறாரு. கைக்கு யாரும் கம்பி போடல பாரு.

நீயே யோசி. பாதி கட்டின பாலம். நடுவுல பதினோரு மீட்டர் காணோம். இந்தப் பக்கம் நீ போட்ட ராம்ப், அந்தச் சாய்வுப் பலகை. அந்தப் பக்கம் மலை மாதிரி அட்டைப்பெட்டி. அறுபத்தஞ்சு கிலோமீட்டர் வேகத்துல ராம்ப்ல ஏறணும், பதினாலு மீட்டர் பறக்கணும், பெட்டிமேல மெத்துன்னு விழணும். இது நீ சொன்னது. நான் ஏறினேன், பறந்தேன். பெட்டிக் குவியல் எனக்குக் கீழ போச்சு. குனிஞ்சு கையாட்டுற அளவுக்கு நேரம் இருந்துச்சு. எட்டு மீட்டர் தள்ளி வெறும் சிமெண்டுல கொண்டுபோய் இறக்கினே. தாடை ரெண்டு, தோள்பட்டை எலும்பு ஒண்ணு. பெட்டி ஒண்ணுக்குக்கூடக் காயமில்லை.

நாற்பது வருஷமா காரைக் கவுத்துக்கிட்டு இருக்கேன். மாமனாரைத் தூக்கி எறியணும்னா வேற வழி எவ்வளவோ இருக்கு. இதுக்காக ஒரு சினிமா கம்பெனியையே கூட்டி வெச்சிருக்க வேண்டாம்.

நீ இருக்கிற இடத்துல போனையெல்லாம் கம்பெனிக்காரங்க பிடுங்கி வெச்சுட்டாங்களாமே, படம் வெளிய போயிடும்னு. நல்லதாப் போச்சு. எனக்கும் அந்தத் தட்டி அனுப்புற வேலையெல்லாம் பிடிக்காது. உங்க ஜெனரேட்டர் வண்டிக்காரர் தினம் நம்ம மருந்துக்கடை வழியாத்தான் போறாரு. அவர்கிட்டயே பதில் குடுத்து விடு. எழுத்தைக் கொஞ்சம் பெருசா எழுது. போன தடவை மருந்துச் சீட்டுப் பின்னால எழுதி அனுப்பினியே, எறும்பு ஊர்ற மாதிரி. இந்த ரூம்ல வெளிச்சம் சரியில்லை.

இப்படிக்கு,
வாய் பூட்டப்பட்ட மாமனார்

&nbsp;

மார்ச் 5

மாமாவுக்கு,

வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். கடிதத்தைப் பார்த்தால் குறைந்த மாதிரிதான் இருக்கிறது.

சண்டை போடுவதற்காக நான் கேட்கவில்லை. எனக்கு ஓர் எண் வேண்டும். அதற்காகத்தான் கேட்டேன். வழக்கமாக இப்படி ஏதாவது நடந்தால் எடுத்த படத்தை ஓட்டிப் பார்த்து, வண்டி ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆனது என்று நானே கண்டுபிடித்துவிடுவேன். இந்தத் தடவை நான்கு கேமராவின் படத்தையும், நொறுங்கிய காரையும் இன்சூரன்ஸ்காரர்கள் சீல் வைத்து எடுத்துப் போய்விட்டார்கள். ஒரு மாதம் ஆகுமாம். எனக்கு ஒரு மாதம் இல்லை. பாலத்தின் நடுத்துண்டை பதினாறாம் தேதி தூக்கி வைத்து இணைக்கப்போகிறார்கள். அதன்பிறகு தாண்டுவதற்கு இடைவெளியே இருக்காது. பதினாலாம் தேதி காலை மட்டும் நமக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

எனவே என் கையில் இருப்பது ஆஸ்பத்திரியில் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அறிக்கை ஒன்றுதான். நீங்கள் அறுபத்தைந்து என்றால் அறுபத்தைந்து. ஓட்டியவர் சொல்வதை நான் என்றைக்கும் சந்தேகப்பட்டதில்லை. அப்படியானால் தப்பு ராம்ப்பில் இருக்கிறது. அதாவது என்னிடம்.

கூடாரத்துக்குள் மணலைக் கொட்டி, பாலத்தை அளவு குறைத்துக் கட்டி, பொம்மைக் காரை வைத்து மறுபடி மறுபடி பார்த்துவிட்டேன். பதினாலு மீட்டர் வரவேண்டிய இடத்தில் இருபத்திரண்டு எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. பேட்டரிக் கார் என்பதால் எடை முழுக்க அடியில் இருக்கிறது. அந்த எடை ராம்ப்பின் நுனியில் அமுங்கி, ஸ்பிரிங் எத்திவிடுவது போல வண்டியைத் தூக்கியிருக்கலாம். வேறு காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. ராம்ப்பைத் தாழ்த்தி, சாய்வைக் குறைத்து வெட்டச் சொல்லப்போகிறேன். இருபத்திரண்டு பதினாலாகக் குறைகிற அளவுக்கு.

யூனிட்டில் பதினோரு பேரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. சாப்பிடும் இடத்தில் நான் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. இரண்டாவது கார் அப்படியே நிற்கிறது. அதில் ஏறுகிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கணக்குத் தப்பினவள் போட்ட ராம்ப்பில் நானாக இருந்தாலும் ஏறமாட்டேன்.

அதனால் நானே ஓட்டுகிறேன். நீங்கள் சிரிக்க வேண்டாம், தையல் பிரிந்துவிடும். உங்கள் மகனைக் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன்னால் பன்னிரண்டு கார் கவிழ்த்தவள் நான். அவரிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

மருமகள்

பின்குறிப்பு: எழுத்தைப் பெரிதாகத்தான் எழுதியிருக்கிறேன். ஜன்னல் பக்கம் கட்டிலை நகர்த்தச் சொல்லுங்கள்.

&nbsp;

மார்ச் 7

அம்மாடி,

நீ ஓட்டக் கூடாது. ராம்ப்பையும் வெட்டக் கூடாது. இந்த ரெண்டையும் முதல்ல எழுதிட்டேன், மத்ததெல்லாம் அப்புறம்.

ஏன்னு கேப்பே. சொல்றேன். முதல் காரணம், வெட்டின பலகையைத் திருப்பி ஒட்ட முடியாது. ரெண்டாவது காரணம், உங்க யூனிட்டுத் தச்சருக்கு ரம்பம் பிடிக்கவே தெரியாது. ஒரு முக்காலி செஞ்சு குடுத்தாரு, அதுல உக்காந்தா ஊஞ்சல். மூணாவது, உனக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்த வீட்டுல என்னையும் உன் புருஷனையும் தனியா விட்டுட்டுப் போற மாதிரி ஆகும். அவன் காரை முப்பதுக்கு மேல ஓட்டமாட்டான். நத்தை. போன வாரம் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான் பாரு, வழியில ஒரு பாட்டி குடையை மடக்கிக்கிட்டே எங்களை முந்திட்டுப் போச்சு. என் வயித்துல பிறந்தவன்னா யாரும் நம்பமாட்டேங்கிறாங்க. என் வயித்துல எங்க பிறந்தான், உங்க அத்தை வயித்துல. அவ ஆட்டோவுலகூடக் கண்ணை மூடிக்குவா. அங்கேருந்து வந்தது.

நாலாவது காரணம் இருக்கு. எழுத வரலை.

ராம்ப்பை விட்டுடு. அப்படியே இருக்கட்டும். நல்ல ராம்ப் அது. நான் கால்ல பட்டு உணர்ந்தவன் சொல்றேன். எத்தலை, அமுங்கலை, ஒண்ணும் பண்ணலை. வெண்ணெயா ஏத்திவிட்டுச்சு. சொன்னா கேளு.

கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டாச்சு. இப்ப எதிர்வீட்டுக்காரர் பல்லு விளக்குறதுதான் எனக்கு சினிமா.

மாமா

&nbsp;

மார்ச் 8

மாமாவுக்கு,

நாலாவது காரணம் என்ன?

ராம்ப் நல்ல ராம்ப் என்கிறீர்கள். அறுபத்தைந்தில் வந்தேன் என்கிறீர்கள். இருபத்திரண்டு மீட்டர் பறந்தும் இருக்கிறீர்கள். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. ஏதாவது ஒன்றை நீங்கள் எடுத்தாக வேண்டும்.

கம்பெனி ஒரு சேஃப்டி ஆபீசரை அனுப்பியிருக்கிறது. மெல்லிய மனிதர், கையில் எப்போதும் ஒரு அட்டை வைத்திருக்கிறார். இனி வண்டி அறுபத்தைந்துக்கு மேல் போகவே கூடாது என்று இரண்டாவது காரில் வேகப் பூட்டு போடச் சொல்லிவிட்டார். ராம்ப்பை வெட்டும் வரைபடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். தச்சர் பதினோராம் தேதி காலையில் வெட்டுகிறார். அதற்குள் எனக்கு ஒரு காரணம் வந்தால் நிறுத்துவேன். முக்காலிக் கதை வந்தால் நிறுத்தமாட்டேன்.

ஒரே வரி போதும்.

மருமகள்

&nbsp;

மார்ச் 9

அம்மாடி,

எனக்கு மீட்டர் தெரியலை.

நீ கேட்ட ஒரு வரி அதுதான். இதோட நிறுத்திடலாம். ஆனா நிறுத்தினா நீ வந்து என் மீதி எலும்பையும் எண்ணுவே. அதனால முழுசா எழுதுறேன்.

ஏழு வருஷமாத் தெரியலை. தூரத்துல எல்லாம் நல்லாத் தெரியும். எதிர்வீட்டுக்காரருக்குக் கடைவாய்ப் பல்லு ஒண்ணு இல்லைன்னு இங்கேருந்தே சொல்லுவேன். கிட்ட இருக்கிறதுதான் கலங்கிப் போயிடுது. மீட்டர் முள்ளு எனக்கு ஒரு புகை மாதிரி. கண்ணாடி போட்டுக்கலாமேன்னு சொல்லுவே. ஹெல்மெட்டுக்குள்ள கண்ணாடி போட்டுக்கிட்டு எவன் கார் கவுக்குறான்? நொறுங்கினா நேரா கண்ணுக்குள்ள. விடமாட்டாங்க. முன்னாடி என்கூட ஓட்டின ஒருத்தர் நேர்மையாப் போய்ச் சொன்னாரு, எனக்குக் கண்ணு மங்குதுன்னு. மறுநாளே அவருக்கு ஷூட்டிங் காரெல்லாம் நிறுத்துற இடத்துல வாசல் காக்குற வேலை குடுத்துட்டாங்க. விசில் ஊதிக்கிட்டு நின்னாரு. நான் போய் அவர் விசிலைப் பத்தி நாலு கிண்டல் பண்ணிட்டு வந்தேன். வந்து ஒரு முடிவு பண்ணினேன், நான் சொல்லமாட்டேன்னு.

அப்புறம் எப்படி ஓட்டினேன்னா, காதால. ரிகர்சல் அன்னிக்கு மெக்கானிக்கைப் பக்கத்துல உக்கார வெச்சுக்குவேன். "இன்ஜின் சூடாகட்டும்யா, நீ வேகத்தைச் சத்தமாச் சொல்லிக்கிட்டே வா"ம்பேன். அவர் அறுபத்தஞ்சுன்னு சொன்னதும் அந்தச் சத்தத்தைக் காதுல பிடிச்சு வெச்சுக்குவேன். அவ்வளவுதான். மறுநாள் இன்ஜின் அதே மாதிரி கத்தினா அறுபத்தஞ்சு. ஏழு வருஷத்துல ஒண்ணு ரெண்டுக்கு மேல தப்பினதில்லை. நீயே எத்தனை தடவை சொல்லியிருக்கே, "மாமா மாதிரி வேகம் பிடிக்க ஆளே இல்லை"ன்னு. அப்பல்லாம் நான் மீசையைத் தடவிக்கிட்டு நின்னேன்.

இந்த பேட்டரிக் காருக்கு இன்ஜின் சத்தமே இல்லைம்மா. சாவு வீட்டுல மிக்ஸியை நிறுத்தின மாதிரி. சரி, காத்து சத்தம் இருக்கேன்னு அதைப் பிடிச்சேன். ரிகர்சல் அன்னிக்கு ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்துச்சு. அந்தக் காத்தைத்தான் அறுபத்தஞ்சுன்னு மனசுல வெச்சேன். ஷூட்டிங் அன்னிக்கு டைரக்டர் கண்ணாடியை ஏத்தச் சொல்லிட்டாரு, உள்ள என் மொகரை தெரியுதாம், ஹீரோ மொகரை மாதிரி இல்லையாம். ஏத்தினேன். காத்து அமுங்கிப் போச்சு. இன்னும் வேகம் வரலை, இன்னும் வரலைன்னு அழுத்திக்கிட்டே வந்திருக்கேன். நடுவுல டி.வி. மாதிரி ஒரு பலகை வெச்சிருக்கான், அதுல பச்சையா நம்பர். எட்டி ஒரு தடவை பாத்தேன். ஆறா எட்டான்னு தெரியலை. ஆறுன்னு வெச்சுக்கிட்டேன். எனக்கு வேண்டியது ஆறுதானே.

அப்ப நீ அறுபத்தஞ்சான்னு கேட்டதும் அறுபத்தஞ்சுன்னு சொன்னேன். முதல் தடவை சொல்லும்போது பாதி நம்பிக்கை இருந்துச்சு. அப்புறம் இல்லை. அப்புறமும் சொன்னேன்.

வெட்டாதே. வெட்டின ராம்ப்ல நீ நிஜ அறுபத்தஞ்சுல வந்தா என்ன ஆகும்னு எனக்குக் கணக்கு தெரியாது. ஆனா நீ பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வந்து சேரமாட்டேன்னு மட்டும் தெரியும். ரெண்டு நாளா சூப்பு உள்ள இறங்கலை எனக்கு.

ராம்ப் சரிதான். நீ போட்டது சரிதான்.

மாமா

&nbsp;

மார்ச் 10

மாமாவுக்கு,

வெட்ட வேண்டாம் என்று தச்சரிடம் சொல்லிவிட்டேன். மூன்று நாள் பொறுக்கிறேன் என்றார்.

நீங்கள் எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள் என்பதையும் கண்டுபிடித்துவிட்டேன். காருக்குள் ஒரு மைக் இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்காது. சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் சொந்த ஆர்வத்தில் வைத்தது. காரோடு மைக் போனாலும் ஒலிப்பதிவு அவரிடமே இருக்கிறது; இன்சூரன்ஸ்காரர்களுக்கு அது தெரியாது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவரிடம் போய்க் கேட்டேன். "பெரியவர் வழி முழுக்கத் திட்டிக்கிட்டே போறாரும்மா, மரியாதைக்காகத்தான் நான் யாருக்கும் போட்டுக் காட்டல" என்றார்.

வசவுகள் சீரான இடைவெளியில் விழுவதை வைத்துச் சொல்கிறேன், ஒவ்வொரு கம்பம் தாண்டும்போதும் நீங்கள் யாரையாவது ஒருவரைத் திட்டுகிறீர்கள். பயத்தைப் போக்குவதற்கு இப்படி ஒரு வழி வைத்திருக்கிறீர்கள் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. ராம்ப்புக்கு முந்தைய ஐந்து கம்பங்கள்: "நத்தை", "டைரக்டர் தொப்பை", "முக்காலித் தச்சன்", "ரெண்டு சம்பந்தி", கடைசியில் "டீச்சரம்மா மூக்கு". என் மூக்கைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

கம்பத்துக்குக் கம்பம் இருபது மீட்டர். நத்தையிலிருந்து என் மூக்கு வரை எண்பது மீட்டர். அறுபத்தைந்தில் வந்திருந்தால் அதற்கு ஏறக்குறைய நாலரை செகண்ட் ஆக வேண்டும். நானும் ரெக்கார்டிஸ்ட்டும் எட்டு முறை போட்டுப் பார்த்தோம். மூன்றரை செகண்ட். நீங்கள் வந்தது எண்பத்திரண்டு. அந்த வேகத்தில் என் ராம்ப் ஒரு வண்டியை எவ்வளவு தூரம் எறியும் என்று போட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டு மீட்டர். சரியாக நீங்கள் விழுந்த இடம்.

வெட்டிய ராம்ப்பில் அறுபத்தைந்தில் போனால் எவ்வளவு என்றும் பார்த்தேன். ஒன்பது மீட்டர். இடைவெளி பதினொன்று. கீழே இருப்பது ஆற்று மணலும் கம்பிகளும்.

நீங்கள் பொய் சொன்னது ஒரு வருத்தம். கண்ணைப் பற்றி மறைத்தது இன்னொரு வருத்தம். அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. இத்தனை நாள் நான் என் கணக்கையே நம்பாமல் இருந்தேன். இரண்டும் இரண்டும் கூட்டும்போதுகூட விரல் விட்டுப் பார்த்தேன். அதை நீங்கள் பார்த்துக்கொண்டு முக்காலிக் கதை எழுதினீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சேஃப்டி ஆபீசரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையில் குறித்துக்கொண்டார். பிறகு, "ஓட்டினவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அறிக்கையில அறுபத்தஞ்சுன்னு இருக்கு. மருமகளைக் காப்பாத்த மாமனார் வீட்டுல ஒண்ணு சொல்லுவாரு. டேப்புல வசவுதான் இருக்கு, கம்பம் இல்ல. ஓட்டினவரே எழுதிக் கையெழுத்துப் போட்டா ராம்ப் அப்படியே இருக்கட்டும். இல்லாட்டி வெட்டத்தான் வேணும்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

நான் விலகினால் வேறு யூனிட்டிலிருந்து ஓட்டுநரை வரவழைக்கத் தயாராக இருக்கிறார்கள். வெட்டிய ராம்ப்பில், வேகப் பூட்டு போட்ட காரில், அவர் போவார். நான் சொன்னால் கேட்கமாட்டார்கள். ராம்ப் தப்பாகப் போட்டவள் என்று ஏற்கனவே எழுதி வைத்தாகிவிட்டது. அதனால் நான் விலகப்போவதில்லை. வெட்டாத ராம்ப்பில் நான்தான் ஓட்டப்போகிறேன்.

உங்கள் கையெழுத்தில், உங்கள் பெயருக்கு மேலே, நடந்தது என்ன என்று எழுதி அனுப்புங்கள்.

மருமகள்

&nbsp;

மார்ச் 11

அம்மாடி,

உனக்குச் சொல்லிட்டேன். அது போதாதா?

வீட்டுக்குள்ள சொல்றது வேற. கம்பெனி காகிதத்துல எழுதினா அது ஊர் முழுக்கப் போகும். கார் கவுக்குற ஆளுங்க உலகத்துல மொத்தமே இருநூறு பேரு. சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிடும், கிழவன் குருட்டுக் கண்ணோட ஏழு வருஷம் எல்லாரையும் ஏமாத்தினான்னு. நான் யாரையெல்லாம் கிண்டல் பண்ணியிருக்கேன்னு உனக்குத் தெரியும். ஒருத்தரை விட்டு வெச்சதில்லை. அவங்க எல்லாரும் வரிசையில நிப்பாங்க.

இனிமே ஸ்டியரிங் பிடிக்கவும் விடமாட்டாங்க. தாடை சேந்ததும் இன்னும் ஒரு ரெண்டு படம் பண்ணலாம்னு இருந்தேன். சின்னதா, ஒரு வேலிக்குள்ள புகுந்து வர மாதிரி. உருளாம, பறக்காம.

வேற மாதிரி எழுதலாமா? வண்டியோட மீட்டர்ல கோளாறு இருந்துச்சுன்னு. யாருக்கும் கெட்ட பேரு இல்லை. அந்தக் கார்தான் செத்துப் போச்சே, அது வந்து மறுக்கவா போகுது.

மாமா

&nbsp;

மார்ச் 12

மாமாவுக்கு,

மீட்டரில் கோளாறு என்று எழுதினால் இரண்டாவது காரின் மீட்டரையும் சந்தேகப்படுவார்கள். அதைக் கழற்றி மாட்டி, வேறு ஒரு வேகம் சொல்வார்கள். அந்தக் காரில் உட்காரப்போவது நான்.

வேறு மாதிரி எழுத முடியாது.

மருமகள்

&nbsp;

மார்ச் 13

அம்மாடி,

எழுதி அனுப்ப மனசு வரலை. அதுக்காக எழுதமாட்டேன்னு இல்லை. ஜெனரேட்டர் வண்டிக்காரர்கிட்ட பேசிட்டேன், பேசினேன்னா கையைக் காலை ஆட்டினேன். நாளைக்குக் காலையில அவர் வண்டியில வரேன். நத்தை கூடவே வரேன்னான். அவன் ஓட்டினா பாலத்தை இணைச்சு, திறப்பு விழா முடிஞ்சு, பெயிண்டும் உரிஞ்சதுக்கு அப்புறம்தான் வந்து சேருவோம்னு எழுதிக் காட்டினேன். கோவிச்சுக்கிட்டுப் போய் மாத்திரை அடுக்குறான். அவனுக்கு நீ ஓட்டுறது தெரியும். நான் சொல்லலை. உன் கடிதத்தை நான் லென்ஸ் வெச்சுப் படிக்கும்போது பின்னால நின்னு படிச்சிருக்கான். உன் பழைய கையுறையை எடுத்துத் துடைச்சுப் பையில போட்டு என்கிட்ட குடுத்தான்.

காகிதம் எடுத்து வை.

மாமா

&nbsp;

மார்ச் 14, காலை, கூடாரம்

இதைக் கடிதம்னு சொல்ல முடியாது. நீ எதிர்லதான் உக்காந்திருக்கே. தலைகீழாப் படிக்காதே, கண்ணு கெட்டுடும், அப்புறம் என்னை மாதிரி ஆயிடுவே.

கையுறை சரியா இருக்கா? தலையாட்டினா போதும். சரி.

பேனாவைத் தட்டாதே. யோசிக்கிறவன் முன்னால மேஜையைத் தட்டினா யோசனை ஓடிப் போயிடும். வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் நிக்கும், நான் பாத்துட்டேன், தூரத்துல இருக்கிறதுதானே. அந்த மெல்லிசா நிக்கிறவர்தான் ஆபீசரா? அட்டையை நெஞ்சுல அணைச்சுக்கிட்டு நிக்கிறாரே, குழந்தை மாதிரி. தச்சரு ரம்பத்தோட ராம்ப் பக்கத்துலயே உக்காந்திருக்காரு. வெட்டுறதுன்னா அவ்வளவு ஆசை.

பதினோரு பேரும் இந்தப் பக்கம் பாக்குறாங்க. நான் வந்து இறங்கினதும் எல்லாரும் ஓடிவந்து தோளைப் பிடிச்சாங்க. எல்லாரும் நல்ல பிள்ளைங்க. இன்னும் கொஞ்ச நேரத்துக்கு.

உன்கிட்ட ஒண்ணு கேக்கட்டுமா. பூட்டுப் போட்ட காருன்னாலும் அறுபத்தஞ்சை நீ எப்படிப் பிடிப்பே? கண்ணாலதானே? சரி. பாத்து ஓட்டு. பாத்து ஓட்டுன்னு இத்தனை வருஷத்துல யார்கிட்டயும் நான் சொன்னதில்லை, சொல்றவங்களைக் கிண்டல்தான் பண்ணியிருக்கேன்.

சரி, சரி, முறைக்காதே. எழுதுறேன்.

கம்பெனி சேஃப்டி ஆபீசருக்கு. போன மாசம் இந்தப் பாலத்துல கார் ஓட்டினது நான். அறுபத்தஞ்சுல வந்தேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தது பொய். எண்பத்தி ரெண்டுல வந்திருக்கேன். மீட்டர் நல்லாத்தான் இருந்துச்சு. என் கண்ணுக்கு அது தெரியலை. கிட்ட இருக்கிறது எதுவும் ஏழு வருஷமாத் தெளிவாத் தெரியலை. யார்கிட்டயும் சொல்லலை. என் மருமகளுக்கும் அன்னிக்குத் தெரியாது. ராம்ப் சரி. அதைப் போட்டவளோட கணக்கு சரி. தப்பு ஓட்டினவனோடது. இதை யாரும் சொல்லி எழுதலை. சுயபுத்தியோட எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கேன்.

&nbsp;

தாளைக் கிழிச்சு எடுத்துட்டியே. ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கிழிச்சிருக்கலாம். கையெழுத்துல இன்னும் மை காயலை. கடைசி எழுத்துக்குக் கோடு இழுக்கிறதுக்குள்ள காகிதம் உன் கையில இருக்கு.

நல்லவேளை, அடுத்த தாள் இருக்கு. அம்மாடி, நான் இன்னும் முடிக்கலை. அது ஆபீசருக்கு. உனக்கு எழுத வேண்டியது தனியா இருக்கு, அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் குலுங்கிக்கிட்டு வந்தேன். நில்லு. வாயிருந்தா கூப்பிடுவேன்.

நீ நிக்கமாட்டே. அவர்கிட்ட குடுத்துட்டே. படிக்கிறாரு. உதட்டை அசைச்சுக்கிட்டுப் படிக்கிறாரு. ஒவ்வொரு வரியும் இங்கேருந்தே தெரியுது எனக்கு. ஏழு வருஷத்துக்கு வந்துட்டாரு. என்னைத் திரும்பிப் பாக்குறாரு. நான் வேற பக்கம் பாத்துக்கிட்டேன்.

அவர் கையெழுத்துப் போட்டாச்சு. தச்சரை எழுந்து போகச் சொல்றாரு. பதினோரு பேர்ல ஒருத்தர் ஓடிவந்து உனக்குக் கார் கதவைத் திறந்து விடுறாரு. நீ யாரையும் பாக்கலை, ஹெல்மெட்டைக் கையில தூக்கிக்கிட்டு ராம்ப்போட நுனி வரைக்கும் நடந்து போய், குனிஞ்சு, உள்ளங்கையால அந்தப் பலகையை ஒரு தடவை அழுத்திப் பாத்துட்டுத் திரும்பி வரே. இந்தப் பக்கம் திரும்பலை.

போ. வெளிச்சம் போயிடும். நான் மெதுவா எழுதி வெக்கிறேன், நீ அந்தப் பக்கம் இறங்கி வந்து படிச்சுக்கோ. நான் சொல்ல வந்தது என்னன்னா, இத்தனை நாள் நீ உன் கணக்கை நம்பாம உக்காந்திருந்தியே, அப்ப நான்... இரு, கார் கிளம்பிடுச்சு, தலையைத் தூக்கிப் பாக்கணும்